சுண்ணாம்பில் ஒளிந்திருக்கும் வெப்பமானி

1618-இல் கடல்நீரின் சூட்டை யார் அளந்திருப்பார்கள்? கப்பல்களில் வெப்பமானி ஏறியதே வெகுகாலம் கழித்துத்தான். செயற்கைக்கோள்கள் கடல்பரப்பைத் தொடர்ந்து அளந்துவருவதோ 1980-களிலிருந்து. ஆனாலும் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலில் அன்றைய கோடை எப்படி இருந்தது என்று இன்று கணக்கிட முடிகிறது. கணக்கை எழுதி வைத்தவை பவளங்கள்.

போரைட்டிஸ் என்ற பவள இனம் கடலடியில் குன்றுபோல் திரண்டு வளரும். நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. குன்று முழுவதும் உயிரல்ல. மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மட்டும் பாலிப் எனப்படும் குட்டி விலங்குகள் நெருக்கியடித்து வாழ்கின்றன. கடல்நீரிலிருக்கும் கால்சியத்தை எடுத்துத் தமக்கடியில் சுண்ணாம்புக் கூடு கட்டி, கட்டக் கட்ட மேலே ஏறிக்கொள்கின்றன. ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். நான்கு மீட்டர் குன்று என்றால் நானூறு ஆண்டு உழைப்பு.

பவளத்தைப் பலகையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால், அடர்த்தியான வரியும் அடர்த்தி குறைந்த வரியும் மாறி மாறித் தெரியும். ஒரு ஜோடி வரி ஓர் ஆண்டு. அது நிரூபணமான விதம் விசித்திரமானது. மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெடாக்கில், குடியிருந்த மக்களை வெளியேற்றிவிட்டு, அமெரிக்கா 1948 முதல் 1958 வரை அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. கடலில் கலந்த கதிரியக்க ஸ்ட்ரான்ஷியம்-90 அங்கிருந்த பவளங்களுக்குள்ளும் புகுந்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் அந்தப் பவளத் துண்டுகளை ஃபிலிமின் மேல் வைத்தார்கள். துண்டிலிருந்து கசிந்த கதிரியக்கமே ஃபிலிமில் கோடு போட்டது! எந்தக் கோடு எந்தச் சோதனைக்குரியது என்று தெரிந்ததும், எக்ஸ்ரே வரிகள் ஆண்டு வரிகளே என்பது உறுதியானது. 1972-இல் நட்சன், பட்மையர், ஸ்மித் மூவரும் இதை வெளியிட்டார்கள். ஒரு தீவையே குலைத்த கொடுமை பவளக் கடிகாரத்துக்குச் சாட்சியானதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஸ்ட்ரான்ஷியம் ஏன் பவளத்துக்குள் போனது? வேதியியலில் அது கால்சியத்துக்குப் பங்காளி. கூடு கட்டும்போது கால்சியத்தின் இடத்தில் இதுவும் கொஞ்சம் உட்கார்ந்துவிடும். கடல்நீரில் இயற்கையாகவே கதிரியக்கமற்ற ஸ்ட்ரான்ஷியம் உண்டு. நீர் சூடானால் கூட்டில் அதன் பங்கு குறையும், குளிர்ந்தால் கூடும். ஒரு டிகிரிக்கு ஒரு சதவீத மாற்றம்கூடக் கிடையாது. ஆனால் இன்றைய கருவிகளுக்கு அது போதும். வரியின் குறுக்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் தூளைச் சுரண்டிச் சோதித்தால், மாதவாரியாகக் கடலின் சூடு கிடைத்துவிடும்.

இதற்காகக் குன்றை உடைக்க வேண்டியதில்லை. முக்குளிப்பவர் கடலுக்கடியில் துளைக்கருவியைப் பவளத்தின் உச்சியில் நிறுத்தி, சில அங்குலக் குறுக்களவில் நீளமான தண்டு ஒன்றை உருவி எடுக்கிறார். பிறகு துளையின் வாயை அடைத்துவிடுகிறார். உயிர் இருப்பது மேல்தோலில் மட்டுமே என்பதால், சுற்றியுள்ள பாலிப்கள் நாளடைவில் அடைப்பின் மேலேயும் படர்ந்துவிடுகின்றன.

எடுத்த தண்டில் வெள்ளமும் பதிவாகியிருக்கிறது. குயின்ஸ்லாந்துக் கரையோரப் பவளங்களைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் சில வரிகள் ஒளிர்கின்றன. பெருமழைக் காலத்தில் பர்டெக்கின் போன்ற ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மக்கிய மண்ணின் பொருள்கள் அவை.

இப்படிப் பல பவளங்களின் கணக்கை ஒன்றுசேர்த்து, அண்மைக்கால அளவீடுகளோடு இணைத்து, 2024-இல் வெளியான ஆய்வொன்று நானூறு ஆண்டுக் கோடைகளை வரிசைப்படுத்தியது. கிரேட் பேரியர் ரீஃப் அமைந்த அந்தக் கடலில் மிகச் சூடான மூன்று கோடைகள் 2024, 2017, 2020. பவளங்கள் தமக்குள் வாழும் பாசிகளை இழந்து பெருமளவில் வெளுத்த ஆண்டுகள் இவை மூன்றும்.