தெரிந்த ஒருவர் சொல்லும்போது

சென்னையில், மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்து, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பார்கள். பெங்களூரில் அதற்கு ஈடாக, ‘இவனை நிம்ஹான்ஸ்ல சேர்க்கணும்’. வைட்ஃபீல்டின் ஐடி வளாகங்களில் தேநீர் இடைவேளையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தக் கேலி தாராளமாகப் புழங்குகிறது. சிரிக்கும் கூட்டத்தில், அன்று காலை மனச்சோர்வுக்கான மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்த ஒருவரும் இருக்கக்கூடும். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்; வேறு என்ன செய்வார்?

கேலிக்கு ஆளாகும் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் சாலையில் இருக்கிறது. 1847-இல் மனநோயாளிகளுக்கான காப்பகமாகத் தொடங்கியது. 1974-இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியதும் இதே நிறுவனம்தான். வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, நோய்க்கு நோய் மாறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம். மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் மருத்துவமனை இருந்தும் போகாதவர்களைத் தடுப்பது ‘நாலு பேருக்குத் தெரிஞ்சா’ என்கிற பயம். தங்கைக்கு வரன் அமையுமா, அடுத்த பதவி உயர்வு கிடைக்குமா என்று அந்தப் பயம் கிளைவிட்டுக்கொண்டே போகும்.

அறியாமைதானே காரணம், அறிவியலை விளக்கிவிட்டால் போதும் என்றுதான் பல காலம் நம்பினோம். ‘இதுவும் நீரிழிவு போன்ற ஒரு நோய், மூளையின் வேதியியல் மாற்றம்’ என்று சொல்லிவந்தோம். அமெரிக்காவில் 1996-இலும் 2006-இலும் மக்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கு மூளையும் நரம்புமே காரணம் என்றவர்கள் 54 சதவீதத்திலிருந்து 67 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். மருத்துவரிடம் போக வேண்டும் என்ற ஆதரவும் வளர்ந்திருந்தது. ஆனால் நோயாளியைப் பக்கத்து வீட்டுக்காரராக, உடன் வேலை செய்பவராக ஏற்கும் மனம் வளரவில்லை. பிற்கால ஆய்வுகள் இன்னும் கவலை தரும் ஒன்றைக் காட்டின. மூளைதான் காரணம் என்று கேட்டவர்கள் நோயாளியைக் குறைசொல்வதை நிறுத்துகிறார்கள். அதேசமயம், ‘மூளையே அப்படி என்றால் இது எங்கே குணமாகப் போகிறது’ என்று நம்பிக்கை இழக்கிறார்கள்.

அப்படியானால் எதுதான் வேலை செய்கிறது? உளவியலாளர் பாட்ரிக் காரிகன் குழுவினர் 2012-இல் 14 நாடுகளைச் சேர்ந்த 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த 72 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். பெரியவர்களின் மனத்தை அதிகம் மாற்றியது பாடமோ பிரசுரமோ அல்ல. மனநோயோடு வாழ்ந்து மீண்ட ஒருவரை நேரில் சந்திப்பதுதான். அதே மனிதர் காணொளியில் பேசினால் பலன் குறைந்துவிடுகிறது. பதின்பருவத்தினரிடம் மட்டும் பாடமே கூடுதலாக எடுபட்டது. 2022-இல் வெளியான, லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கையும் சந்திப்பின் பக்கமே நின்றது. மனநோயாளி என்றதும் நம் மனத்தில் எழும் பிம்பம் பெரும்பாலும் சினிமா தந்தது. உடன் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், வீட்டுக்கடன் தவணையைப் பற்றிப் புலம்புகிறவர், ‘எனக்கும் இருந்தது, இப்போதும் மாத்திரை எடுக்கிறேன்’ என்று சொல்லும்போது அந்தப் பிம்பத்துக்கு இடமில்லாமல் போகிறது. தீபிகா படுகோன் 2015-இல் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது துணிச்சலான, பயனுள்ள செயல். ஆனாலும் ஒரு நட்சத்திரம் சொல்வது தூரத்துச் செய்தி. டீம் லீடர் சொல்வது அப்படியல்ல.

யார் முதலில் சொல்வது என்பதுதான் கடினம். காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் எடுத்த ஆய்வு 2014-இல் வெளியானது. பிறர் பாகுபாடு காட்டியதாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். ஊரிலிருந்து அந்நியப்பட்டுவிட்டதாகத் தாமாகவே உணர்ந்தவர்களோ 79 சதவீதம். ஊர் ஒதுக்கும் முன்பே ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் போய் ‘தைரியமாக வெளியே சொல்லுங்கள்’ என்பது நியாயமில்லை. சொன்னால் வேலைக்கு ஆபத்தில்லை என்று நிறுவனம் முதலில் நடந்து காட்ட வேண்டும். உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று ஒரு யோகா வகுப்பும் ஒரு மின்னஞ்சலும் அதற்குப் போதாது. மனநல விடுப்பு எடுத்துத் திரும்பியவருக்கு அடுத்த மதிப்பீட்டில் என்ன கிடைத்தது என்பதைத்தான் அலுவலகம் முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கிறது.

சட்டம் ஓரளவு துணைக்கு இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது; மனிதவளத் துறையில் தயங்காமல் கேட்கலாம். அலுவலகத்தில் யாரிடமும் சொல்ல விருப்பமில்லாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை இது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.