மேட்ச் டை ஆனால் கப் யாருக்கு?

வெள்ளக்கடையிலோ சேர்வராயன் மலையின் வேறு ஊரிலோ டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி நடத்தப் போகிறீர்களா? இரண்டு அணியும் ஒரே ரன் எடுத்தால் என்ன செய்வது என்பதை முதல் டாஸுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

டையும் டிராவும் ஒன்றுதானே? இல்லை. ரன் சமமாகி, கடைசியில் ஆடும் அணியின் ஆட்டமும் முடிந்துவிட்டால் டை (சமன்). முடிவு வருமுன் நேரம் தீர்ந்தால் டிரா (முடிவில்லாத ஆட்டம்). டெஸ்டில் இதுவரை டை ஆனது இரண்டே முறை: 1960-இல் பிரிஸ்பேன், 1986-இல் நம் சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு 348 தேவை. 347-இல், கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில், கிரெக் மாத்யூஸ் வீச, மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நின்றிருந்தார். ரன் எடுக்காமல் அந்தப் பந்தையும் மீதமிருந்த கடைசிப் பந்தையும் மனிந்தர் தடுத்திருந்தால், ரன் சமமாக இருந்தும் அது டிராதான்!

ஓவர் கணக்கு வைத்து ஆடும் ஆட்டத்தில் அப்படியில்லை. ஓவர் முடியும்போது ரன் சமமென்றால், எத்தனை விக்கெட் போயிருந்தாலும் டைதான்.

அதற்குத்தான் சூப்பர் ஓவரா? ஆமாம். ஒவ்வோர் அணிக்கும் ஆறு பந்து. இரண்டு விக்கெட் விழுந்தால் அந்த அணியின் கதை முடிந்தது. மேட்சில் இரண்டாவதாக ஆடிய அணி இதில் முதலில் ஆடும்.

அதுவும் சமமானால்? 2019 உலகக்கோப்பை இறுதியில் அதிக பவுண்டரி அடித்த இங்கிலாந்துக்குக் கோப்பை போனது. நியூசிலாந்துக்கு அது அநியாயம் என்பதே என் எண்ணம். அந்த விதி பிறகு எடுக்கப்பட்டது. இப்போது மீண்டும் சூப்பர் ஓவர்தான். 2024 ஜனவரி 17-இல் பெங்களூருவில் இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் 212-இல் சமன், சூப்பர் ஓவரில் 16-இல் சமன். இரண்டாவது சூப்பர் ஓவரில் இந்தியா 11, ஆப்கானிஸ்தான் 1. முதல் சூப்பர் ஓவரில் அவுட் ஆனவர் அடுத்ததில் ஆட முடியாது, வீசியவர் மறுபடி வீச முடியாது.

வேறு ஆட்டங்களில், உதாரணமாகப் பேஸ்பாலில், சமமானால்? ஒன்பது சுற்றுக்குப் பின்னும் சமமென்றால் கூடுதல் சுற்று. ஆட்டம் இழுத்துக்கொண்டே போகாமலிருக்க, அமெரிக்காவின் பெரிய லீக்கில் 2020 முதல், லீக் ஆட்டங்களில், பத்தாவது சுற்றிலிருந்து இரண்டாவது தளத்தில் ஓர் ஓட்டக்காரரை நிறுத்தியே தொடங்குகிறார்கள். ஜப்பானின் லீக் ஆட்டங்களில் 12 சுற்றோடு நிறுத்தி, சமன் என்றே எழுதிவிடுவார்கள்.

நம் மலையில் சிக்கல் வேறு. பனிமூட்டம் இறங்கினால் பந்து தெரியாது, சூப்பர் ஓவர் நடக்காது. அதற்கும் ஒரு வழி எழுதி வையுங்கள். குறைந்த விக்கெட் இழந்த அணிக்கு வெற்றி என்பது பழைய முறை. 1987-இல் ஹைதராபாத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் 212-இல் சமமானபோது, ஆறு விக்கெட் மட்டும் இழந்த இந்தியா ஜெயித்தது. ஒரு பந்துகூடக் கூடுதலாக வீச வேண்டியதில்லை.

லீக் ஆட்டமென்றால் ஆளுக்கு ஒரு புள்ளி போதும். சூப்பர் ஓவரை அரையிறுதிக்கும் இறுதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பரிசுப் பணத்தைப் பிரிப்பதா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஊர்களுக்குள் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

மேட்ச் சமமானதும் முதல் வேலை, இரு ஸ்கோரர்களையும் உட்காரவைத்து நோட்டை ஒப்பிடுவது. விட்டுப்போன ஒரு வைடு அங்கே அகப்பட்டால், சூப்பர் ஓவருக்கே வேலையில்லை.