கணக்குப்பிள்ளை எழுதாமல் விட்டது

திண்டுக்கல் நாகல் நகர், நல்லாம்பட்டிப் பட்டறைகளில் செய்த பூட்டு அன்று கடையில் விற்றால், பில் புத்தகத்தில் எண்ணும் தேதியும் மேலே ஒருமுறை வரும். சரக்கு கீழே வரிசையாக வரும். பிறகு நாள்வழி, அதற்குப் பின் பேரேடு. எது மேலே, எது கீழே என்று கணக்குப்பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அச்சடித்த தாளிலேயே அது இருந்தது. இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதுவார், படிப்பவருக்கும் புரிந்துவிடும்.

இன்று பில்லிங் மென்பொருளில் போட்ட பில் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் கோப்பாகப் போகிறது. டேலிக்கு ஓரக்குறிப்பு புரியாது. கணக்குப்பிள்ளை கையோட்டத்தில் செய்த பிரிவினையை இப்போது புரோகிராமர் ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும்.

நிரலில் உள்ள தகவலை எக்ஸ்எம்எல்லாக எழுதித்தருவது டாட்நெட்டின் எக்ஸ்எம்எல் சீரியலைசர். அதை அதன் போக்கில் விட்டால், ஒரு வவுச்சரின், அதாவது ஒரு பில்லுக்கான கணக்குச் சீட்டின், விவரம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியோடு தனி எலிமென்ட் ஆகிவிடும். டேலியோ வவுச்சர் வகையையும், 'புதிதாக உருவாக்கு' என்ற கட்டளையையும் வவுச்சரின் தொடக்கக் குறிக்குள்ளேயே அட்ரிபியூட்டாகக் கேட்கிறது. எனவே நிரலில் அந்த இரண்டின் தலையிலும் 'எக்ஸ்எம்எல் அட்ரிபியூட்' என்று குறிக்க வேண்டும். தேதி எலிமென்ட்தான், ஆனால் 2024 ஏப்ரல் 1 என்பது 20240401 என்று போக வேண்டும். அதற்காக, உண்மையான தேதியை 'எக்ஸ்எம்எல் இக்னோர்' போட்டு மறைத்து, அதே தேதியை எழுத்தாகத் தரும் இன்னொன்றை வைப்பது வழக்கம்.

சிக்கல் பெரும்பாலும் லெட்ஜர் பதிவுகளில், அதாவது பேரேட்டுக்குப் போகும் பதிவுகளில்தான். உள்ளூரில் 10,000 ரூபாய்க்குப் பூட்டு விற்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம். வாங்கியவர் கணக்கில் பற்று 11,800. விற்பனையில் வரவு 10,000. மத்திய வரி 900, மாநில வரி 900. நான்கு பதிவுகள். பட்டியல் என்றதும் சீரியலைசர் அவற்றைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதற்குள் நான்கையும் வைக்கும். டேலி எதிர்பார்ப்பது உறையில்லாமல் வவுச்சருக்குள் நேராக வரும் நான்கு எலிமென்ட்களை. பட்டியலின் மேல் 'எக்ஸ்எம்எல் எலிமென்ட்' என்று பெயரோடு குறித்தால் உறை கழன்றுவிடும். பற்றுத் தொகைக்குக் கழித்தல் குறி. நான்கையும் கூட்டினால் பூஜ்யம். பேரேட்டின் பழைய நியதி அப்படியே இருக்கிறது.

கையால் எழுத்தைக் கோத்து எக்ஸ்எம்எல் செய்தவர்களும் உண்டு. கடைப் பெயரில் 'அண்ட்' குறி வந்தால் கோப்பு உடையும். சீரியலைசர் அதைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும். இந்த ஒன்றுக்காகவே அதன் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எதை அட்ரிபியூட்டாக வைப்பது, எதை எலிமென்ட்டாக வைப்பது? ஒரே எலிமென்ட்டில் ஓர் அட்ரிபியூட் இருமுறை வராது. அதற்குள் பிரிவுகளும் கிடையாது. எண், வகை போல ஒருமுறையே வருவது அட்ரிபியூட்டாக இருக்கலாம். நாளை இரண்டாகப் பிரியக்கூடியது உள்ளே எலிமென்ட்டாகத்தான் இருக்க வேண்டும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது, உள்ளூர் விற்பனையில் வாட் என்று ஒன்றாக இருந்த வரி இரண்டாகப் பிரிந்தது. வரியை ஒற்றை அட்ரிபியூட்டாக வைக்கும் வடிவமைப்பு அப்படியொரு நாளில் மாற்றி எழுதப்பட வேண்டியதுதான். உள்ளே பதிவுகளாக வைத்திருந்தால் ஒரு பதிவு கூடும், அவ்வளவே. கணக்குப்பிள்ளையும் பில்லின் கீழே இன்னொரு கோடு கிழித்து எழுதியிருப்பார். கீழே இடம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்று அந்த இடத்தைப் புரோகிராமர் முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும்.