அசையாமல் கிடந்தால் நிம்மதியா?

பிளாஸ்டிக் டப்பா, அடியில் செய்தித்தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்புகளை விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்பவர்கள் பலர் இப்படித்தான் அலமாரியில் அடுக்கி வளர்க்கிறார்கள். இரை எடுக்கிறது, சட்டை உரிக்கிறது, முட்டை இடுகிறது, அமைதியாகக் கிடக்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆனால் நோயும் சலிப்பும் கொண்ட ஊர்வனவும் அசையாமல்தான் கிடக்கும். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த பிக்ஃபேஸ் என்ற நைல் மென்னோட்டு ஆமை, தன் கழுத்தைத் தானே நகத்தால் கீறி, முன்னங்கால்களைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. தொட்டிக்குள் கூடைப்பந்து, கம்பு, குழாயை வளைத்துச் செய்த வளையம் எல்லாம் போட்டார்கள். ஆமை பந்தை மூக்கால் முட்டித் தள்ளியது, வளையத்தைக் கவ்வி உலுக்கியது, அதற்குள் நீந்தி நுழைந்தது. குழாயின் ஒரு முனையைப் பராமரிப்பாளர் பிடித்தால் மறுமுனையைக் கவ்வி இழுத்தது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் குறைந்தது. டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்டன் பர்கார்ட் குழுவினர் 1996இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஊர்வன விளையாடும் என்று சொன்னால் அறிவியலாளர்களே தயங்கிய காலம் அது.

மனித உணர்ச்சியை ஆமைமேல் ஏற்றிச் சொல்கிறோம் என்று சிலர் மறுப்பார்கள். அதன் மனதுக்குள் புகுந்து பார்க்கத் தேவையே இல்லை, கீறல் குறைந்ததைக் கண்ணால் பார்க்க முடிகிறதே. பர்கார்ட் பங்கேற்ற இன்னோர் ஆய்வில் (2006), கிளை, மறைவிடம் முதலியவற்றோடு வளர்ந்த அமெரிக்க எலிப்பாம்புகள், வெற்றுக்கூண்டில் வளர்ந்தவற்றைவிட விரைவில் புதுச் சூழலுக்குப் பழகின. பெரிய கூண்டில் விட்டால் பாம்பு மிரண்டு இரையைத் தொடாது என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் அடுத்த காரணம். அப்படி நடப்பதுண்டு. ஆனால் பாம்பை மிரட்டுவது ஒளிந்துகொள்ள இடமில்லாத வெட்டவெளிதான். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடம், புதைந்துகொள்ளும் அளவுக்கு மண், மேலே சருகு, ஏறக் கிளை என்று வைத்தால் அந்த இடமே அதற்குப் பாதுகாப்பாகிவிடும். பாம்புக்கு உலகம் பெரும்பாலும் வாசனைதான். நாக்கை நீட்டிக் காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் இருக்கும் உறுப்பால் அது அறிகிறது. ஆகவே இரையை நேராக வாயருகே நீட்டாமல், அதன் வாசனையைக் கிளையிலும் கல்லிலும் தடவி விட்டுத் தேடவிடலாம். செலவே இல்லாத இந்த வேலையைக்கூடச் செய்ய மனமில்லாதவர்கள் பாம்பு வாங்காமல் இருப்பதே நல்லது. சுத்தம் செய்ய டப்பாதான் எளிது என்பது உண்மை. ஆனால் நாலடி நீளமுள்ள மக்காச்சோளப் பாம்பை இரண்டடி டப்பாவில் வைத்தால், ஆயுள் முழுக்க ஒருமுறைகூட அது உடலை நேராக நீட்ட முடியாது.