உங்களுக்குத் தெரியுமா? இலங்கையில் ஓடிய பிரிட்டிஷ் டீசல்கள்

பழைய பிரிட்டிஷ் டீசல் இன்ஜின்களைக் காக்கும் ஆர்வலர்களுக்குப் பிரியமானவற்றில் ஒன்று ‘கிளாஸ் 31’. அதன் முன்னோடி ஓடியது பிரிட்டனில் அல்ல, இலங்கையில்.

பிரஷ் பேக்னல் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் இலங்கை ரயில்வேக்குக் கட்டித்தந்த 25 ‘எம் 1’ இன்ஜின்கள்தாம் அத்தீவின் முதல் மெயின் லைன் டீசல்கள். இன்ஜினுக்கு அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு போகிகள் (சக்கரச் சட்டங்கள்). ஒவ்வொன்றிலும் மூன்று அச்சுகள். ஓரத்து அச்சுகளை மின்மோட்டார் சுழற்றும். நடு அச்சு பாரத்தை மட்டும் தாங்கும். எடை ஆறு அச்சுகளிலும் பரவுவதால் தண்டவாளத்துக்குச் சுமை குறைகிறது.

இதே சக்கர அமைப்போடு 1957 முதல் 1962 வரை பிரிட்டனுக்காக 263 ‘கிளாஸ் 31’ இன்ஜின்கள் கட்டப்பட்டன. அவற்றுள் இருந்த மிர்லீஸ் நிறுவனத்தின் டீசல் எந்திரங்களில் விரிசல் விழுந்தது. 1960களில் அவற்றைக் கழற்றிவிட்டு ‘இங்கிலீஷ் எலக்ட்ரிக்’ நிறுவனத்தின் டீசல் எந்திரங்களைப் பொருத்தினார்கள். பழைய ஓசையும் அதோடு போயிற்று. இன்ஜினின் சத்தத்தைக் கேட்கவே தேடி வரும் ஆர்வலர்களுக்கு இது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

இத்தகைய பழைய டீசலைப் பராமரிப்பது நீராவி இன்ஜினைப் பராமரிப்பதைவிட எளிது என்று நினைப்பது தவறு. மின்கம்பிகளின் உறை இற்றுப்போகும். உதிரிபாகம் கடையில் கிடைக்காது. கழித்துக்கட்டிய வேறொரு இன்ஜினிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும்.

‘கிளாஸ் 31’ வரிசையின் முதல் இன்ஜினான டி5500, பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளது. இலங்கையின் பழைய நீராவி, டீசல் இன்ஜின்களைக் காண விரும்புவோர், கொழும்பு–கண்டி பாதையில் கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.