ஆடியவர் ஆட வைக்கிறார்

பாரிட் புந்தார் வட்டாரத்துத் தோட்டங்களில், மாலையானால் பிள்ளைகள் திடலில் பந்தை உருட்டத் தொடங்கிவிடுவார்கள். நன்றாக ஆடும் பையன் ஒருவனைக் கண்டால், “இவன் மாநில அணிக்கே போவான்” என்று பெருமையோடு பேசிக்கொள்கிறோம். ஆனால், முப்பத்தைந்து வயதில் கால் தளர்ந்த பிறகு அவன் என்ன செய்வான் என்று நாம் கேட்பதில்லை. இன்றைய உரையில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

ஆட்டத்தை விட்டவர் ஆட்டத் துறையை விட்டுவிட வேண்டியதில்லை. அவர் பயிற்றுநராகலாம், அணி மேலாளராகலாம். இவ்விரண்டும் ஒன்றல்ல. நம் நாட்டுக் காற்பந்து அணிகளில் பயணம், தங்குமிடம், செலவு, ஒழுங்கு ஆகியவற்றைக் கவனிப்பவர் மேலாளர். யார் ஆடுவது, எப்படி ஆடுவது என்று தீர்மானிப்பவர் தலைமைப் பயிற்றுநர். இங்கிலாந்தில் நெடுங்காலமாக இவ்விரு பொறுப்புகளையும் ஒருவரே சுமந்து வந்தார்; அவரை மேலாளர் என்றே அழைத்தனர். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலும் தலைமைப் பயிற்றுநருக்கு மேலாளர் என்றுதான் பெயர். ஆடும் வயதைக் கடந்த பின்னும் அவர் ஆட்டக்காரர்களின் சீருடையையே அணிந்து திடலுக்கு வருவார்.

நமக்கு நன்கு தெரிந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் கே. ராஜகோபால். 1956இல் பிறந்தவர். சிலாங்கூர் அணிக்கும் தேசிய அணிக்கும் ஆடியவர். ஆட்டத்தை நிறுத்திய பின் பயிற்றுநர் தொழிலில் படிப்படியாக ஏறி, 2009இல் தேசிய அணியின் பயிற்றுநரானார். அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸ் நாட்டில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், நம் இளைஞர் அணி இறுதியாட்டத்தில் வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. அதற்கு முன் காற்பந்தில் நமக்குத் தங்கம் கிடைத்தது 1989இல். இருபது ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்தது.

பயிற்றுநரின் வேலை என்ன என்பதை அதற்கடுத்த ஆண்டு நடந்தது இன்னும் தெளிவாகக் காட்டும். 2010 டிசம்பர் 1ஆம் நாள், தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில், ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் நம் அணி 1-5 என்று தோற்றது. அப்படித் தோற்ற அணியை அடுத்த ஆட்டத்துக்கு எழுப்பி நிறுத்துவதுதான் பயிற்றுநரின் முதல் வேலை. அதற்கு அவருக்குக் கிடைத்தது மூன்றே நாள்.

அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை ஒரு கோலும் அடிக்க விடாமல் 0-0 என்று நிறுத்தினார்கள். பிறகு லாவோசை 5-1 என்று வென்றார்கள். அரையிறுதியில், முந்தைய வெற்றியாளரான வியட்நாமை எதிர்கொண்டார்கள். புக்கிட் ஜாலிலில் 2-0, ஹனோயில் 0-0. ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. முதல் நாள் ஐந்து கோல்களை வாங்கிய அணி இது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இறுதியில் மீண்டும் அதே இந்தோனேசியா. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளைக்குப் பின் மூன்று கோல்கள். சஃபி சாலி இரண்டு அடித்தார். அஷாரி சம்சுடின் ஒன்று அடித்தார். 29ஆம் நாள் ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும், இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் நமக்கு நான்கு, அவர்களுக்கு இரண்டு. கிண்ணம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது. டிசம்பர் 31ஆம் நாளை அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது. எஸ். குணாளன், கே. குருசாமி ஆகிய நம்மவர்களும் அந்த அணியில் இருந்தனர்.

இதில் ராஜகோபால் ஒரு கோலும் அடிக்கவில்லை. கோட்டுக்கு வெளியேதான் நின்றார். தன் காலால் செய்ததைப் பிறர் காலால் செய்ய வைப்பது வேறு தொழில். சிறந்த ஆட்டக்காரர் பந்து வரும்போது யோசிப்பதில்லை. கால் தானாகவே செய்துவிடுகிறது. பயிற்றுநரோ அதைச் சொல்லாக்கிச் சொல்லித்தர வேண்டும். யாரை அமர்த்துவது, யாரை மாற்றுவது, சோர்ந்தவனிடம் என்ன பேசுவது என்பதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும். பெரிய ஆட்டக்காரர் எல்லாரும் நல்ல பயிற்றுநராகிவிடாததற்குக் காரணம் இதுவே.

இத்தொழிலில் நிலையான நாற்காலி இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டுப் போட்டியில் நம் அணி அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றது. 2013க்குப் பிறகு ராஜகோபால் அப்பொறுப்பில் இல்லை. அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த பி. சத்தியநாதனும் முன்னாள் ஆட்டக்காரரே. அவர் 2009இல் தேசியப் பொறுப்பை இழந்தார். ஆனால் 2010இல் கிளந்தான் அணி முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அதன் பயிற்றுநர் அவர்தான். பதவி போனது, கற்ற தொழில் போகவில்லை.

இத்தொழிலைக் கற்க வழி இருக்கிறது. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு பயிற்றுநர்களுக்குச் சி, பி, ஏ என்று படிப்படியாக உரிமம் வழங்குகிறது. அதற்கும் மேலே புரோ என்னும் உரிமம் உண்டு. இதற்கான வகுப்புகளை மலேசியக் காற்பந்துச் சங்கம் நடத்துகிறது. அங்கே பந்தோடு பாடமும் உண்டு. உடற்கூறு, காயத்துக்கு முதலுதவி, பயிற்சித் திட்டம் எழுதுவது ஆகியவற்றைப் படித்துத் தேர வேண்டும். மலாயும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாதவருக்கு அந்த வகுப்பு கடினம்.

ஆகவே பெற்றோர்களே, நன்றாக ஆடும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். படிப்புக்காகத் திடலிலிருந்து இழுத்து வரவும் வேண்டாம். இரண்டும் வேண்டும். இது பெண்பிள்ளைகளுக்கும் பொருந்தும். தோட்டத்தில் ஆடி ஓய்ந்த அண்ணன்மார் இருந்தால், மாலையில் சிறுவர்களைக் கூட்டிப் பழக்கச் சொல்லுங்கள். அப்படித் தொடங்குகிறவர், மாநிலக் காற்பந்துச் சங்கத்தில் முதல் உரிம வகுப்பு எப்போது என்று விசாரித்து, பெயரைப் பதிந்துகொள்ளட்டும்.