முட்டை கூறும் சான்று

விருத்தாசலத்தின் மருங்கே ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றொடு கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடல் புகுகின்றது. மங்கலம்பேட்டையினின்று விருத்தாசலம் செல்வோர் அவ்வாற்றைக் கார்காலத்தே வெள்ளமாகவும் கோடையிலே வெறும் மணலாகவும் கண்டிருப்பர். வயலிலும் ஊரிலும் ஆலையிலும் கழிந்தனவற்றுள் ஆறு சுமப்பன எல்லாம் சென்று சேருமிடம் அதன் வாயாகிய கழிமுகமே. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே நஞ்சு மிகுகின்றதோ, குறைகின்றதோ? இதனை எங்ஙனம் அறிவது?

ஒரு குடம் நீர் முகந்து ஆராய்ந்தால் ஆகாதோ எனின், அது போதாது. கழிமுகத்து நீர் ஓதம் ஏறுங்கால் ஒரு தன்மையும் வடியுங்கால் வேறொரு தன்மையும் உடையது. இன்று முகந்த குடம் இன்றைய செய்தியையே கூறும். அன்றியும், டி.டி.டி. போன்ற நஞ்சுகள் நீரில் எளிதிற் கரைவன அல்ல, கொழுப்பிற் கரைவன. நீரில் அரிதாய் இருப்பது நுண்ணுயிரில் ஏறி, அதனை உண்ணும் மீனிற் பெருகி, மீனை உண்ணும் பறவையிற் பன்மடங்காகின்றது. தாய்ப்பறவை தன் உடற்கொழுப்பை மஞ்சட்கருவாக்கும்போது நஞ்சின் ஒரு பகுதியையும் உடன் இடுகின்றது. பாதரசமோ பெரிதும் வெண்கருவைச் சார்ந்து நிற்கும். ஆகவே முட்டையொன்று, தாய் மேய்ந்த நீர்ப்பரப்பின் நிலையைத் தன் ஓட்டினுள் அடைத்து வைத்திருக்கின்றது.

இலக்கியம் பயில்வோனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைப்பர். கழியும் நாரையும் நெய்தற்கு உரியனவாதலின், எமக்கும் இதிற் சிறிது உரிமை உண்டு என்க.

இம்முறையை நெடுங்காலம் கையாண்டு வருவோருள் ஜெர்மானியர் குறிப்பிடத்தக்கவர். எல்பு ஆற்றின் கழிமுகத்தை உள்ளிட்ட வடகடற்கரையில் 1981-ஆம் ஆண்டு முதல் ஆலா, சிப்பிபிடிப்பான் என்னும் இருவகைப் பறவைகளின் முட்டைகளைச் சேர்த்து வந்தனர். ஆலா மீன் உண்பது; சிப்பிபிடிப்பான் சேற்றிலுள்ள சிப்பியும் புழுவும் உண்பது. ஆதலின் ஒன்று நீருக்கும் மற்றொன்று சேற்றுக்கும் சான்றாயின. ஆலா குளிர்காலத்தை ஆப்பிரிக்கக் கரையிற் கழித்து மீள்வதேயாயினும், முட்டைக்கு வேண்டும் இரையைப் பெரும்பாலும் கூடமைக்கும் கரையிலேயே கொள்கின்றது. ஓரிடத்தில் ஓரினத்துக்குப் பத்து முட்டை, கூட்டுக்கு ஒன்று, இவ்வளவே எடுப்பர். கூட்டிலிருந்து எடுத்துக்கொள்வோன் தாயைப் போகவிடல் வேண்டும் என்று உபாகமத்தில் ஒரு கட்டளை உண்டு. இவ்வாராய்ச்சியும் தாயைக் கொல்லாதது; அதன் சிறப்புகளுள் யான் முதலாக எண்ணுவது அதுவே.

அவ்வெல்பு முகத்து முட்டைகளிற் பாதரசமும் ஹெக்ஸாகுளோரோபென்சீனும் மிக்கிருந்தன. 1990-ஆம் ஆண்டில் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த பழைய ஆலைகள் பல மூடப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் முட்டையில் அவ்விரு நஞ்சுகளும் குறைந்தன. நெடுந்தொலைவில் ஆலை அடங்கியதைக் கடலோரத்து முட்டை கூறிற்று. ஆண்டுதோறும் அதே கரையில், அதே இனத்தை வினவியமையாலன்றோ இது விளங்கிற்று!

சேர்த்துவைத்த முட்டை, சேர்த்தவர் நினையாத வினாவுக்கும் விடை தரும். இங்கிலாந்தில் ராட்கிளிப் என்னும் அறிஞர், பொழுதுபோக்காக முட்டை திரட்டியோர் விட்டுச்சென்ற பைரிப் பருந்தின் ஓடுகளை நிறுத்தும் அளந்தும் பார்த்தார். 1947-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ஓடு மெலிந்தமை புலப்பட, 1967-இல் அதனை வெளியிட்டார். டி.டி.டி.யின் சிதைவுப்பொருளே அதற்குக் காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊரை அண்மையில் உடைய எமக்கு, ஓட்டின் கனத்திலிருந்து ஒரு நாட்டின் உழவுமுறையை அறிந்த இச்செய்தி பெருவியப்பைத் தருகின்றது.

இனி வெள்ளாற்றுக்கு வருவோம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்குள்ளாரும் ஜப்பானிய அறிஞரும் சேர்ந்து, நெல்வயலில் இட்ட பி.எச்.சி. மருந்து எங்கே போகின்றது என ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் காற்றிலே கலந்தது. எஞ்சிய சிறு பங்கே கழிமுகம் சேர்ந்தது. வெம்மை மிக்க நம் நாட்டு இயல்பு அது. தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி 1998-இல் வெளிவந்த ஆராய்ச்சி, இங்கேயே வாழும் பறவைகளில் பி.எச்.சி. மிக்கிருந்ததையும், வலசை வருவனவற்றில் ஆலைத்தொழில் நஞ்சாகிய பி.சி.பி. மிக்கிருந்ததையும் காட்டிற்று. ஆணினும் பெண்ணில் நஞ்சு குறைவு என்றும் அது கூறிற்று. பெண் அதனை முட்டையில் இட்டுவிடுகின்றதன்றோ!

வேளாண்மையில் டி.டி.டி. 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் நம் நாட்டில் தடுக்கப்பட்டன. தடையின் பயனை வெள்ளாற்று முகத்தில் ஆண்டுதோறும் அளக்க வேண்டின், வலசைப் பறவை உதவாது; அது இங்கே முட்டையிடுவதுமில்லை. மடையானும் சிறு வெண்கொக்கும் போன்று இங்கேயே கூடுகட்டுவனவே தக்கன. அவற்றுள்ளும் மடையான் வயலிலும் மேய்வதாதலின், கழியை மட்டும் அறியவேண்டுவோர் அலையாத்திக் காட்டினுள் கூடமைத்த கொக்கையே கொள்ளுதல் நலம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, இசைவு பெற்றே முட்டையில் கைவைக்கலாம். பெற்றபின், ஒவ்வோராண்டும் அதே மரத்திரளில், அதே பருவத்தில், கூட்டுக்கொரு முட்டையாக எடுத்து, எடுத்த நாளையும் இடத்தையும் எழுதி, ஒரு பகுதியை ஆராய்ந்து மறுபகுதியை உறைநிலையிற் காத்துவைத்தல் வேண்டும்.